மூன்று புள்ளிக்கு ஒரு மீன்

எனக்கு வரைய வராது. பள்ளிக்கூடத்தில் அறிவியல் ரெக்கார்டு நோட்டில் தவளைப் படத்தைக்கூடப் பக்கத்து பெஞ்சுக்காரன்தான் போட்டுக் கொடுத்தான். பதிலுக்கு அவனுடைய கணக்கு வீட்டுப்பாடம் என் தலையில். அப்படிப்பட்ட நான் போன வருடம் 11 நாளில் 816 மீன்கள் வரைந்தேன். எல்லாம் ஒரே மீன். ஒரே அளவு, ஒரே வளைவு. அதில் ஒன்றுக்கு மட்டும் வால் கிடையாது. அது ஏன் என்று பிறகு சொல்கிறேன்.

அப்பாவுக்கு 74 வயது. சாதாரணச் சளி என்று ஆரம்பித்தது நிமோனியாவாகி, ஒரு வெள்ளிக்கிழமை ராத்திரி ஐசியூவில் கொண்டு போய்ச் சேர்த்தோம். மறுநாள் காலையில் வென்டிலேட்டர். அதற்கப்புறம் அம்மாவுக்கும் எனக்கும் வீடு என்பது ஐசியூவுக்கு வெளியே இருந்த அந்தக் காத்திருப்புக் கூடம்தான். ஒன்றோடொன்று சேர்த்துப் பற்றவைத்த இரும்பு நாற்காலிகள். சத்தமில்லாமல் ஓடும் டிவி. காலையில் ஒரு மணி நேரம், சாயங்காலம் ஒரு மணி நேரம், ஒருவர் மாற்றி ஒருவர் உள்ளே போய்ப் பார்க்கலாம். மீதி 22 மணி நேரமும் அந்தக் கதவைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டியது. கதவு திறந்தால் சிஸ்டர் பெயரைச் சொல்ல மாட்டார். "பெட் நம்பர் ஆறு, அட்டெண்டர்!" என்பார். எந்த நம்பரைச் சொன்னாலும் கூடத்தில் இருக்கிற எல்லோரும் பாதி எழுந்து, பிறகு உட்காருவோம்.

இந்த மாதிரி நேரத்தில் நல்லது நினைக்கிறவர்கள் ஆளுக்கொரு மருந்து அனுப்புவார்கள். ஆபீஸ் நண்பர் ஒருவர் தியானம் சொல்லிக்கொடுக்கும் ஆப் ஒன்றின் லிங்க்கை அனுப்பினார். காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு கண்ணை மூடினேன். ஒரு பெண் குரல், தேனில் தோய்த்தது போல, "உங்கள் மூச்சை மட்டும் கவனியுங்கள்" என்றது. கவனித்தேன். இரண்டு மூச்சுக்கு மேல் முடியவில்லை. கதவுக்கு அந்தப் பக்கம் என் அப்பாவுக்கு ஒரு இயந்திரம் மூச்சு விட்டுக்கொண்டிருக்கிறது, இங்கே நான் என் மூச்சை எண்ணிக்கொண்டிருக்கிறேன். நெஞ்சு படபடவென்று அடித்துக்கொண்டு வியர்த்துவிட்டது. ஹெட்போனைக் கழற்றிப் பையில் போட்டேன். குரலின் மேல் தப்பில்லை. யாருக்கு எந்த நேரத்தில் மூச்சை நினைவுபடுத்துகிறோம் என்று அதற்குத் தெரியாது, அவ்வளவுதான்.

அன்றைக்கு மத்தியானம் மருந்துக்கடை பில்லின் பின்பக்கத்தில் கிறுக்க ஆரம்பித்தேன். முதலில் பில்லில் இருந்த தொகையைக் கூட்டிப் பார்த்தேன். அது பிடிக்காமல் போகவே 8 என்ற எண்ணைத் திரும்பத் திரும்ப எழுதினேன். 8-ஐப் படுக்கப் போட்டு, ஒரு சுழியை மட்டும் மூடாமல் விட்டால் மீன் வந்துவிடும். இது ஒன்றும் கண்டுபிடிப்பு இல்லை, எல்லாக் குழந்தைக்கும் தெரிந்ததுதான். ஒரு மீன். பக்கத்தில் இன்னொன்று. அப்புறம் இன்னொன்று.

அம்மா கையில் ஜபமாலை இல்லை, ஸ்லோகப் புத்தகம் இல்லை. கூடத்தில் நிறையப் பேரிடம் இருந்தது. அவள் சும்மா சேலைத் தலைப்பை விரலில் சுற்றிச் சுற்றி அவிழ்த்துக்கொண்டிருந்தாள். மதுரைப் பக்கத்துக்காரி, சுங்குடிச் சேலைதான் கட்டுவாள். அசல் சுங்குடி என்றால் துணியை விரல் நுனியில் கிள்ளி, புள்ளிக்கு ஒரு முடிச்சாக நூலால் கட்டி, அப்புறம் சாயத்தில் முக்குவார்கள். முடிச்சை அவிழ்த்தால் உள்ளே வெள்ளைப் புள்ளி. மதுரையில் சௌராஷ்டிர சமூகத்தார் தலைமுறை தலைமுறையாகச் செய்துவந்த வேலை அது. அம்மா கட்டியிருந்தது அச்சடித்த சுங்குடி. ஆனாலும் புள்ளி புள்ளிதானே.

"என்னடா அது?"

"மீன்."

"மீனு இப்படி அந்தரத்துலயா நிக்கும்? புள்ளி வெச்சுப் போடு."

சொல்லிவிட்டுப் பேனாவைக் கையிலிருந்து பிடுங்கிக்கொண்டாள். அம்மா பேனா பிடித்து நான் பார்த்ததெல்லாம் பால் கணக்குக்கும் கையெழுத்துக்கும்தான். இன்னொரு பில்லைத் திருப்பிப்போட்டுப் புள்ளி வைத்தாள். மேலே 4, அதற்குக் கீழே 5, 6, நடுவில் 7, பிறகு 6, 5, 4. கோலம் போடுகிறவர்கள் இதை "7 புள்ளி, 4 வரை, இடுக்குப் புள்ளி" என்பார்கள். ஒவ்வொரு வரிசைப் புள்ளியும் மேல் வரிசையின் இரண்டு புள்ளிகளுக்கு இடுக்கில் விழ வேண்டும். நேர்ப்புள்ளி என்றால் ஒன்றுக்கு நேர் கீழே ஒன்று. மொத்தம் 37 புள்ளி. கொஞ்சம் தள்ளி வைத்துப் பார்த்தால் ஆறு பக்கம் உள்ள ஒரு தேன்கூட்டு அறை.

"நடுவுல ஒண்ண விட்டுரு. அதுலருந்து ஆறு பக்கமும் மூணு மூணு புள்ளி வருதா? மூணு புள்ளிக்கு ஒரு மீனு."

வந்தது. முதல் புள்ளியில் மூக்கு, இரண்டாவது புள்ளி வயிற்றுக்குள் மாட்டிக்கொள்ளும், மூன்றாவதில் வால் விரியும். ஆறு திசையிலிருந்தும் ஆறு மீன் நடுப்புள்ளியை முகர்ந்து பார்க்கிற மாதிரி நின்றன. மீனுக்கும் மீனுக்கும் இடையில் மிச்சமிருந்த இடங்களிலும் மூன்று மூன்று புள்ளி. அதில் ஒவ்வொரு மொட்டு. 1 நடுப்புள்ளி, மீனுக்கு 18, மொட்டுக்கு 18. கணக்கில் ஒரு புள்ளி மீறவில்லை, ஒரு புள்ளி குறையவில்லை. நான் கணக்குப் பிள்ளை. எனக்கு அந்த இடத்தில்தான் பிடித்துப்போனது.

மீன்களுக்குக் கண் வைக்கப் போனேன். கையைத் தட்டிவிட்டாள். "கண்ண கடைசியில வை." சிற்பிகள் சிலைக்குக் கடைசியாகத்தான் கண் திறப்பார்கள் என்பது நினைவுக்கு வந்து, அம்மா ஏதோ பெரிய விஷயம் சொல்லப் போகிறாள் என்று நிமிர்ந்தேன். "எல்லாத்துக்கும் ஒண்ணா வெச்சாத்தான் ஒரே எடத்துல விழும். இல்லாட்டி ஒண்ணு முழிக்கும், ஒண்ணு தூங்கும்" என்றாள்.

மறுநாள் கீழே இருந்த ஸ்டேஷனரி கடையில் ஒரு கட்டம் போட்ட கணக்கு நோட்டு வாங்கினேன். அதில் கோடுகள் வெட்டிக்கொள்ளும் இடமெல்லாம் நேர்ப்புள்ளிதான். புள்ளி வைக்கிற வேலை மிச்சம். ஒரு வரிசைக்கு ஆறு மீன், பக்கத்துக்கு எட்டு வரிசை, 48 மீன். ஒரு வரிசை இடது பக்கம் நீந்தும், அடுத்த வரிசை வலது பக்கம். நான் போட்டது 17 பக்கம்.

அந்த 17 பக்கத்தில் எனக்குத் தெரிந்ததைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். ஏனென்றால் "வரைந்தேன், மனம் அமைதியானது" என்று ஒரு வரியில் முடித்தால் அது பொய்.

முதல் நாலைந்து மீன் வரை எந்த அமைதியும் கிடையாது. மூக்கு கூராக வந்துவிட்டது, வால் ஒரு பக்கம் தொங்குகிறது என்று மனசு குறை கண்டுபிடித்துக்கொண்டே இருக்கும். இரண்டாவது வரிசையில் கைக்கு வழி தெரிய ஆரம்பிக்கும். மேல் வால் நுனியிலிருந்து கீழிறங்கி, வயிற்றை வளைத்து, மூக்கைத் தொட்டு, முதுகு வழியாகத் திரும்பி, முதல் கோட்டை வெட்டிக்கொண்டு கீழ் வால் நுனி. பேனாவை எடுக்காமல் ஒரே இழுப்பு. மூன்றாவது, நாலாவது வரிசையில் ஒரு வேடிக்கை நடக்கும். கை பாதி தானாகப் போகும், ஆனால் முழுசாகத் தானாகப் போகாது. வயிற்று வளைவில் கொஞ்சம் அசந்தாலும் மீன் குண்டாகிவிடும். அதனால் கண் அங்கேயே இருக்க வேண்டும். அந்தக் "கொஞ்சம்தான்" விஷயம். கவலைப்படுவதற்கு மனசுக்கு எவ்வளவு இடம் வேண்டுமோ, சரியாக அந்த இடத்தை மீன் வந்து அடைத்துக்கொள்கிறது.

இதை நான் பிறகு வேறு படங்களோடு ஒப்பிட்டுப் பார்த்தேன். வெறும் கோடாகப் போட்டுக்கொண்டு போனால் கை வேலை செய்யும், மனசு நேராக ஐசியூவுக்குள் போய்விடும். மயில் போட்டேன். தோகை இரண்டு பக்கமும் ஒத்து வரவில்லை. அப்பாவைப் பற்றிய கவலையோடு தோகையைப் பற்றிய கவலையும் சேர்ந்துகொண்டது. மயில் நமக்கு வேண்டாம். கிளி பரவாயில்லை, மூக்கில் கொஞ்சம் தகராறு. வாத்து மிக நல்லது, 2 என்ற எண்ணை எழுதி அடியில் ஒரு வயிறு. பாம்புதான் எல்லாவற்றிலும் சுலபம் என்று நினைத்தேன், ஆனால் வளைந்து வளைந்து போகிற கோட்டுக்கு எங்கே முடிவு என்று தெரியாமல் ஒருவித எரிச்சல் வந்தது. மீனுக்குத் தலையும் உண்டு வாலும் உண்டு. ஒன்று முடிந்தது என்று நிம்மதியாக அடுத்ததற்குப் போகலாம். இருபது செகண்டுக்கு ஒரு தரம் ஒரு வேலையை முழுதாக முடித்த திருப்தி, எதுவுமே முடியாமல் தொங்கிக்கொண்டிருக்கிற அந்தக் கூடத்தில் கிடைப்பது சின்ன விஷயமில்லை.

வட்டம், முக்கோணம் போடலாமே, ஏன் விலங்கு, பறவை என்று கேட்கலாம். வட்டமும் போட்டுப் பார்த்தேன். வட்டம் வட்டமாகவே இருக்கிறது. மீனுக்குக் கண் வைத்த அந்த நிமிஷம் அது யாரோ ஆகிவிடுகிறது. 48 கண்ணையும் வரிசையாக வைத்து முடிக்கும்போது அந்தப் பக்கத்தில் கூட்டம் கூடிவிடும். அந்தக் கூடத்தில் யாரும் யாரையும் நேராகப் பார்ப்பதில்லை. மீன்கள் பார்த்தன. கிறுக்குத்தனமாக இருக்கலாம். எனக்குத் துணையாக இருந்தது.

அந்தக் கூடத்தில் ஒரு சண்டையும் வந்தது. சிஸ்டர் வெளியே வந்து வாங்கிவர வேண்டிய சாமான் பட்டியலைச் சொல்லிக்கொண்டிருந்தார். நான் குனிந்து மீன் போட்டபடியே கேட்டேன். "சார், நான் சொல்றதைக் கவனிக்கிறீங்களா இல்லையா?" என்று கோபப்பட்டார். நியாயமான கோபம். ஆனால் பட்டியலை அப்படியே திருப்பிச் சொன்னேன், ஒன்பது சாமான், அளவோடு. எனக்கே ஆச்சரியம். அதற்கு முந்தின நாள் சும்மா நின்று கவனித்தபோது இரண்டை மறந்துவிட்டுப் போய்த் திரும்பி வந்தவன் நான். இங்கிலாந்தின் பிளிமத் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஜாக்கி ஆண்ட்ரேட் என்ற உளவியலாளர் செய்த சோதனையைப் பற்றி அப்புறம் படித்தேன். 40 பேருக்கு அலுப்பான ஒரு டெலிபோன் செய்தியைப் போட்டுக் காட்டினார். பாதிப் பேர் சும்மா கேட்டார்கள், பாதிப் பேர் காகிதத்தில் இருந்த சின்னச் சின்ன வடிவங்களைப் பேனாவால் நிரப்பிக்கொண்டே கேட்டார்கள். நிரப்பியவர்கள் 29 சதவீதம் கூடுதலாக நினைவில் வைத்திருந்தார்கள். அலுப்பில் மனசு எங்கேயோ பகல் கனவுக்குப் போய்விடாமல் கை பிடித்து வைத்துக்கொள்கிறது என்பது ஒரு விளக்கம். சிஸ்டரிடம் இதைச் சொல்லவில்லை. சொன்னால் நன்றாக இருந்திருக்காது.

இன்னொரு ஆராய்ச்சி இதைவிட எனக்கு நெருக்கமானது. 2005-இல் அமெரிக்காவின் நாக்ஸ் கல்லூரியில் நான்சி கரியும் டிம் காஸரும் 84 மாணவர்களை முதலில் கொஞ்சம் பதற்றப்பட வைத்து, பிறகு மூன்று குழுவாகப் பிரித்து வண்ணம் தீட்டச் சொன்னார்கள். ஒரு குழுவுக்கு மண்டலப் படம், அதாவது வட்டத்துக்குள் ஒழுங்காக அடுக்கிய வடிவங்கள். ஒரு குழுவுக்கு லுங்கிக் கட்டம் மாதிரி குறுக்கும் நெடுக்குமான கட்டங்கள். மூன்றாவது குழுவுக்கு வெறும் வெள்ளைத் தாள், இஷ்டப்படி தீட்டிக்கொள்ளலாம். மண்டலத்துக்கும் கட்டத்துக்கும் பதற்றம் ஏறக்குறைய ஒரே அளவு குறைந்தது. வெள்ளைத் தாள்காரர்களுக்கு அந்த அளவு குறையவில்லை. மண்டலத்தின் மகிமை, வட்டத்தின் சக்தி என்று எழுதுகிறவர்கள் லுங்கிக் கட்டமும் அதே வேலையைச் செய்தது என்ற பகுதியைச் சொல்வதில்லை. எனக்கு அதுதான் முக்கியமாகப் பட்டது. "மனதில் தோன்றுவதை வரையுங்கள்" என்று வெள்ளைத் தாளை நீட்டியிருந்தால் அந்த வாரம் என் மனதில் என்ன தோன்றியிருக்கும்? அம்மா புள்ளி வைத்துக் கொடுத்தாள். எங்கே ஆரம்பிப்பது, எங்கே முடிப்பது, எத்தனை என்ற மூன்று கேள்வியையும் புள்ளி எடுத்துக்கொண்டது.

எங்கள் வீடு தாம்பரத்தில். நான் தினமும் ரயிலேறப் போகிற வழியில் இருக்கிற சென்னைக் கிறித்தவக் கல்லூரியில்தான் இந்தப் புள்ளிகளைக் கணிதமாகப் பார்த்தவர்கள் இருந்தார்கள் என்பது எனக்கு இத்தனை வருடம் தெரியாது. கிஃப்ட் சிரோமணி, ராணி சிரோமணி, கமலா கிருத்திவாசன் மூவரும் சேர்ந்து 1974-இல் கோலத்துக்கு இலக்கணம் எழுதி ஓர் ஆய்வுக் கட்டுரை வெளியிட்டார்கள். ஒரு மொழியில் சில விதிகளை வைத்துக்கொண்டு எத்தனை வாக்கியம் வேண்டுமானாலும் அமைக்கிற மாதிரி, சில விதிகளைத் திரும்பத் திரும்பப் போட்டால் ஒரு சின்னக் கோலம் ஒழுங்கு மாறாமல் பெரிதாகிக்கொண்டே போகும். கணினி அறிவியல்காரர்கள் இன்றைக்கும் அதை எடுத்துக்காட்டுகிறார்கள். அம்மாவிடம் சொன்னேன். "இதுக்குப் போயி இலக்கணம் எழுதினாங்களாக்கும்" என்றாள். பிறகு, யோசித்து, "நல்ல வேளை, எழுதி வெச்சாங்க" என்றாள்.

புள்ளி வைத்து விலங்கு போடுவது நம்முடைய தனிச் சொத்து என்று நினைத்துக்கொண்டிருந்தவனுக்கு ஆப்பிரிக்காவின் அங்கோலா ஒரு அடி கொடுத்தது. அங்கே சோக்வே மக்கள் மணலைத் தட்டிச் சமப்படுத்தி, விரல் நுனியால் புள்ளிகளைச் சம இடைவெளியில் பதித்து, அவற்றைச் சுற்றி வளைத்து வளைத்துக் கோடு இழுப்பார்கள். பார்த்தால் நம் சிக்குக் கோலம்தான். பெயர் சோனா. ஆனால் அங்கே போடுகிறவர்கள் ஆண்கள், போடும்போதே கதை சொல்வார்கள். துரத்தப்பட்ட காட்டுக்கோழி ஓடிய தடம் என்று ஒரு படம். புள்ளிகளுக்கு நடுவே அந்தக் கோழி வளைந்து நெளிந்து ஓடிய ஓட்டம் முழுக்க ஒரே கோடு. மொசாம்பிக்கில் இருந்த பாலஸ் கெர்டஸ் என்ற கணிதவியலாளர் இதைப் பற்றி நிறைய எழுதியிருக்கிறார். கோடு இழுக்கிறவன் நடுவில் தயங்கினால், நின்றால், பார்க்கிறவர்கள் அவனுக்குத் தெரியவில்லை என்று முடிவு கட்டிவிடுவார்களாம். 2023-இல் யுனெஸ்கோ தன் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சோனாவைச் சேர்த்தது. எனக்கு அந்தக் கோழி மேல் ஒரு அனுதாபம். கோழியின் பதற்றத்தை நிதானமான கையால் போட வேண்டும் என்பது எப்படிப்பட்ட யோசனை!

இங்கே ஒரு விஷயத்தை ஒளிக்காமல் சொல்லிவிட வேண்டும். அப்பா வீட்டுக்கு வந்து சில வாரம் கழித்து, உற்சாகத்தில் அம்மாவிடம், "நீ இத்தனை வருஷம் தெனமும் காலைல தியானம்தான் பண்ணியிருக்கம்மா, உனக்கே தெரியல" என்று பெரிய தத்துவம் மாதிரி எடுத்துவிட்டேன். இணையத்தில் அப்படித்தான் எழுதுகிறார்கள். கோலம் என்பது தியானம், யோகாசனம், எறும்புக்கு உணவு, இன்னும் என்னென்னவோ.

அம்மா புளி கரைத்துக்கொண்டிருந்தாள். கையை எடுக்காமலே சொன்னாள்: "நாலரைக்கு எந்திரிச்சு, வாசத் தெளிச்சு, குனிஞ்சு போட்டுட்டு உள்ள ஓடணும். பால்காரன் வருவான், ஒங்க தாத்தாவுக்குக் காப்பி போடணும். மழ பேஞ்சா அழிஞ்சுரும். போடாம விட்டா எதுத்த வீட்ல கேப்பா. இதுல எங்கருந்துடா தியானம்? மார்கழியில வேணா, பெரிய கோலம், எல்லாப் பொம்பளைகளும் தெருவுல நிப்போம், பேசிக்கிட்டே போடுவோம். அது நல்லாருக்கும்."

நான் வாயை மூடிக்கொண்டேன். விருப்பப்பட்டு ஒரு நோட்டில் மீன் போடுவதும், கட்டாயத்துக்காகத் தினமும் குனிந்து வாசலில் மீன் போடுவதும் கைக்கு ஒன்றாக இருக்கலாம், இடுப்புக்கு ஒன்றல்ல. எனக்கு ஆறுதல் கொடுத்த அந்தப் புள்ளி வரிசை அவளுக்கு எத்தனையோ நாள் சுமையாக இருந்திருக்கிறது. ஆனால் அந்தக் கூடத்தில் பேனாவைப் பிடுங்கிக்கொண்டு போட்டது அவள்தான் என்பதும் உண்மை. கேட்டால், "சும்மா இருக்க முடியல" என்கிறாள். அதற்கு மேல் என்னிடம் விளக்கம் இல்லை.

இதை வைத்து நடக்கிற வியாபாரத்தைப் பற்றி ஒரு வார்த்தை. மன அமைதிக்கென்றே தனி நோட்டு, தனிப் பேனா, தனிப் பெட்டி எல்லாம் கிடைக்கிறது. ஒன்றிரண்டை ஆன்லைனில் பார்த்தேன். விலையைப் பார்த்ததும் வந்த பதற்றத்துக்கு இரண்டு பக்கம் மீன் போட வேண்டியிருந்தது. என் அனுபவத்தில், மலிவான நோட்டுதான் நல்லது. நல்ல தாளில் கை கூசும், கெடுத்துவிடுவோமோ என்று பயம் வரும். பால்பாயின்ட் பேனா போதும். பென்சில் வேண்டாம், ரப்பரைத் தேடச் சொல்லும். குண்டாகிப்போன மீன் குண்டாகவே இருக்கட்டும். ஒரு பக்கம் முடிக்க எனக்கு 15 நிமிஷத்திலிருந்து 20 நிமிஷம் ஆகும். முடித்த பக்கத்தைப் படம் எடுத்து ஸ்டேட்டஸில் வைத்தேன் ஒரு நாள். எட்டுப் பேர் லைக் போட்டார்கள். அடுத்த பக்கத்தை அந்த எட்டுப் பேருக்காக வரைகிற மாதிரி ஆகிவிட்டது, மீன்களெல்லாம் விறைத்துக்கொண்டு நின்றன. அதோடு அந்தப் பழக்கத்தை விட்டேன்.

வீட்டுக்கு வந்தபிறகு செதில் நிரப்ப ஆரம்பித்திருக்கிறேன். மீனுக்குள் சின்னச் சின்னப் பிறை. இந்த நிரப்புவதில் கில்லாடிகள் மத்தியப் பிரதேசத்தின் கோண்டு பழங்குடி ஓவியர்கள். பட்டன்கட் கிராமத்தைச் சேர்ந்த ஜன்கட் சிங் ஷியாம் என்பவரை 1980-களின் தொடக்கத்தில் ஓவியர் ஜெ. சுவாமிநாதன் போபாலின் பாரத் பவன் கலை மையத்துக்கு அழைத்து வந்தார். மான், மயில், பறவை எல்லாவற்றின் உடம்பையும் ஜன்கட் புள்ளியாலும் சிறு கோடுகளாலும் நிரப்பினார். அந்த வழியில் வந்தவர்கள் ஆளுக்கொரு நிரப்பு வைத்திருக்கிறார்கள், அதைப் பார்த்தே யார் கை என்று சொல்லிவிடலாம். கையெழுத்து மாதிரி. அதை நான் காப்பி அடிக்கப் போவதில்லை. மீனுக்கு உள்ளேயும் வேலை இருக்கிறது என்பதை மட்டும் எடுத்துக்கொண்டேன்.

இது வேலை செய்யாத நாளும் உண்டு. ஏழாம் நாள் ராத்திரி டாக்டர் கூப்பிட்டு, சிறுநீரகமும் சிரமப்படுகிறது, கிரியாட்டினின் ஏறியிருக்கிறது, நாளைக் காலைவரை பார்ப்போம் என்றார். அந்த "பார்ப்போம்" என்ற வார்த்தையை அவர் சொன்ன விதம் எனக்கு இப்போதும் காதில் இருக்கிறது. வெளியே வந்து நோட்டைத் திறந்தேன். இரண்டு பக்கம் போட்டேன், 96 மீன். கை போட்டது, கண் பார்த்தது, மனசு எங்கேயும் அசையவில்லை. பேனாவை மூடி வைத்துவிட்டு அம்மா பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். அந்த இரண்டு பக்கத்தையும் இப்போது புரட்டினால் மற்றப் பக்கங்களிலிருந்து எந்த வித்தியாசமும் தெரியவில்லை. அதே மீன்.

வாலில்லாத மீன் பத்தாம் நாள் காலையில். மூன்றாவது வரிசையில் நாலாவது. மூக்கைத் தொட்டு முதுகு வழியாகத் திரும்பிக்கொண்டிருக்கும்போது கதவு திறந்தது. "பெட் நம்பர் ஆறு, அட்டெண்டர்!" பேனா கோட்டோடு அப்படியே கீழே போய்விட்டது. உள்ளே போனேன். அப்பாவின் வாயிலிருந்து குழாயை எடுத்திருந்தார்கள். வென்டிலேட்டர் பக்கத்தில் நின்றது, திரை அணைந்து. அப்பா தானாக மூச்சு விட்டுக்கொண்டிருந்தார். நான் நின்று அந்த மூச்சைக் கவனித்தேன், ஆப் சொன்ன மாதிரியே, ரொம்ப நேரம்.

அந்த மீனுக்கு அப்புறம் வால் போடத் தோன்றவில்லை.

அப்பாவைப் பதினைந்தாம் நாள் வீட்டுக்குக் கூட்டிவந்தோம். எழுந்து உட்காரவே இன்னொரு வாரம் ஆனது. இத்தனை நாள் படுக்கையில் இருந்ததில் தசை எல்லாம் வற்றி, டம்ளர் பிடித்தால் கை நடுங்கியது. பிசியோதெரபிஸ்ட் வந்து பந்தை அமுக்கச் சொன்னார். அப்பாவுக்குப் பந்து பிடிக்கவில்லை. "நான் என்ன சின்னப் பிள்ளையா" என்று ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

ஒரு சாயங்காலம் ஹாலில் மீன் நோட்டைத் திறந்து வைத்துவிட்டுக் காபி எடுக்கப் போனேன். திரும்பி வந்தால் அப்பா அதை மடியில் வைத்துப் பக்கம் பக்கமாகப் புரட்டிக்கொண்டிருந்தார். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, கிட்டத்தில் வைத்துப் பார்த்தார்.

"எப்போ போட்டது?"

"நீங்க உள்ள இருந்தப்போ."

"எல்லாமா?"

"ம்."

கொஞ்ச நேரம் பேசவில்லை. நான் சின்னப் பையனாக இருந்தபோது எங்களைப் புதுக்கோட்டைக்குப் பக்கத்தில் சித்தன்னவாசலுக்குக் கூட்டிப்போய், அந்தச் சமணக் குகையின் விதானத்தில் இருக்கிற தாமரைக் குளத்தைக் காட்டியவர் அவர்தான். ஆயிரம் வருடத்துக்கு முந்தின ஓவியம். அண்ணாந்து கழுத்து வலிக்க வலிக்க, அதோ மீன், அதோ யானை, அதோ தாமரை பறிக்கிறவன் என்று ஒவ்வொன்றாகக் காட்டினார்.

"ஏன்டா, இவ்வளவு மீனப் போட்டிருக்க. ஒரு கொளம் வேண்டாமா?"

பேனாவுக்குக் கை நீட்டினார். கொடுத்தேன். முதல் வரிசை மீன்களுக்குக் கீழே, இடது ஓரத்திலிருந்து ஒரு கோடு இழுக்க ஆரம்பித்தார். கை நடுங்கிய நடுக்கத்தில் கோடு மேலும் கீழும் ஆடிக்கொண்டே போனது. நான் பிடிக்கப் போனேன். அம்மா சமையலறை வாசலில் நின்று கண்ணால் வேண்டாம் என்றாள். ஆடிக்கொண்டே வலது ஓரம் வரை கொண்டு போய் நிறுத்தினார்.

"தண்ணி" என்றார். அடுத்த வரிசைக்கு நோட்டைத் திருப்பி வைத்துக்கொண்டார்.